பழைய விதைகளிலிருந்து ரகத்தை மீட்க முடியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கண்ணாடிப் புட்டியில் கிடந்த தக்காளி விதைகள் கிடைத்துள்ளன. இப்போது எங்கும் கிடைக்காத ரகம் அது. விதைகளுக்கு இன்னும் உயிர் இருக்குமா?

இருக்க வாய்ப்பு உண்டு. விதைக்கு எத்தனை வயது என்பதைக் காட்டிலும் அது எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதே முக்கியம். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறையும்போதும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் குறையும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகிறது என்பது விதையியலில் ஹாரிங்டன் வகுத்த விதி. ஈரப்பதம் 5 முதல் 14 சதவீதம் வரை உள்ள விதைகளுக்கு இது நல்ல வழிகாட்டி. எனவே, இறுக மூடிய புட்டியில் உலர்ந்து கிடந்த பத்தாண்டு விதை, சமையலறைக் காகிதப் பொட்டலத்தில் மூன்றாண்டு கிடந்த விதையைவிட நன்றாக முளைப்பது வியப்பல்ல. தக்காளியும் வெள்ளரிக் குடும்பத்துச் செடிகளும் இயல்பாகவே நீண்ட ஆயுள் கொண்ட விதைகளை உடையவை. வெங்காய விதையாக இருந்திருந்தால் இவ்வளவு நம்பிக்கையோடு எழுதியிருக்க மாட்டேன். சாதாரணச் சூழலில் ஓரிரு ஆண்டுகளிலேயே அதன் முளைப்புத்திறன் சரிந்துவிடும்.

கேள்வி: தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றை எறிந்துவிடலாமா?

எறியக் கூடாது. உறைக்குள் காற்று சிக்கிய நல்ல விதையும் மிதக்கும். உள்ளே கரு இறந்துபோன கனமான விதையும் மூழ்கும். ஆய்வகங்களில் டெட்ரசோலியம் கரைசலில் ஊறவைத்து, உயிருள்ள திசு சிவப்பாவதைக் கண்டு முடிவு செய்வார்கள். ஆனால் அந்தச் சோதனைக்கு விதையை வெட்ட வேண்டியிருப்பதால், கையில் இருபது முப்பது விதைகளே உள்ளவர் அதை நாடுவதில் பொருளில்லை.

கேள்வி: என்னிடம் இருப்பவை பதினைந்து அவரை விதைகள் மட்டுமே, அவையும் மிகவும் காய்ந்து போனவை. இரவு முழுவதும் ஊறவைத்து நட்டால் போதுமா?

புதிய விதைக்குப் போதும். உங்கள் விதைக்கு அதுவே எமனாகலாம். முதுமையடைந்த விதையில் செல்களைச் சூழ்ந்த சவ்வுகள் நலிந்திருக்கும். மிகவும் உலர்ந்த நிலையில் திடீரென்று நீர் புகுந்தால், அச்சவ்வுகள் தம்மைச் சீர்செய்துகொள்ளும் முன்பே உள்ளிருக்கும் சர்க்கரையும் உப்புகளும் வெளியே கசிந்துவிடுகின்றன. வித்திலைகளில் வெடிப்பு விழுகிறது. கசிந்த சர்க்கரையை நாடிப் பூஞ்சைகளும் வந்து சேர்கின்றன. பயறு வகைகளில் இந்தப் பாதிப்பு மிகுதி.

ஆகவே முதலில் காற்றின் ஈரத்தையே கொடுங்கள். மூடியுள்ள பெட்டியின் அடியில் நனைத்த துணியை விரித்து, அதைத் தொடாதபடி ஒரு வலைத்தட்டை வைத்து, அதன்மேல் விதைகளை ஒன்றோ இரண்டோ நாள் வைத்திருந்தால் அவை மெல்ல ஈரம் ஏற்கும். பிறகு, பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு ஈரமான காகிதத் துவாலையில் மடித்து, 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில் வையுங்கள். நாள்தோறும் திறந்து பாருங்கள். பூஞ்சை பிடித்ததை உடனே பிரித்து வையுங்கள், ஆனால் அது கூழாகும்வரை எறிய வேண்டாம். இளம் விதை ஒரு வாரத்தில் முளைக்குமென்றால், இதற்கு மூன்று வாரம்கூடக் காத்திருக்கலாம். முளைவேர் சற்றே நீண்டதும், அதன் நுனியில் விரல் படாமல், கிருமி நீக்கிய தென்னைநார்க் கழிவுக்கு மாற்றிவிடுங்கள். தோட்டத்து மண்ணில் உள்ள நாற்றழுகல் பூஞ்சை பலவீனமான நாற்றுகளைத்தான் முதலில் வீழ்த்தும்.

இன்னொன்று: பதினைந்தையும் ஒரே முறையில் பயன்படுத்தாதீர்கள். ஐந்தை மட்டும் எடுங்கள். அவற்றில் எதுவும் முளைக்காவிட்டாலும் மற்றவை செத்துவிட்டன என்று கொள்ள வேண்டாம். ஐந்தில் ஒன்று மட்டுமே உயிரோடிருக்கும் ஒரு தொகுப்பிலிருந்து ஐந்து விதைகளை எடுத்தால், அவற்றில் ஒன்றுகூட முளைக்காமல் போவதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: ஜிப்ரலிக் அமிலம் பயன்படுத்தினால் செத்த விதையும் முளைக்குமா?

முளைக்காது. அது செடிகளின் வளர்ச்சியைத் தூண்டும் ஊக்கி; விதையின் உறக்கத்தைக் கலைக்கும். உயிரிருந்தும் தயங்கும் கருவைத் தூண்டும். ஈரக்காற்று, துவாலை ஆகிய எளிய வழிகள் பலிக்காதபோது, மீதமுள்ள விதைகளில் சிலவற்றை மட்டும் 250 முதல் 500 பிபிஎம் கரைசலில் வைத்துப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பதே 500 பிபிஎம். தூள் நீரில் எளிதில் கரையாது என்பதால் முதலில் சில துளி ஆல்கஹாலில் கரைத்துக்கொள்ள வேண்டும். அளவு மிஞ்சினால் நாற்று வெளிறி, கொடிபோல நீண்டு சாய்ந்துவிடும்.

கேள்வி: எகிப்தியப் பிரமிடுகளில் கிடைத்த கோதுமை முளைத்தது என்பது உண்மையா?

உண்மையல்ல. ஆனால் வியப்பூட்டும் மெய்யான சான்றுகள் வேறு உள்ளன. இஸ்ரேலின் மசாடா கோட்டையில் கிடைத்த, சுமார் 2,000 ஆண்டுப் பழமையான பேரீச்சை விதையொன்று 2005-ல் முளைக்க வைக்கப்பட்டது. வில்லியம் பீல் என்பவர் 1879-ல் மிச்சிகனில் புட்டிகளில் இட்டுப் புதைத்த விதைகளில் சில, 2021-ல் தோண்டியெடுக்கப்பட்ட பின்னும் முளைத்தன.

கேள்வி: ஒரே ஒரு விதை முளைத்து, நன்றாக வளர்கிறது. ரகத்தை மீட்டுவிட்டதாகக் கொள்ளலாமா?

அது என்ன செடி என்பதைப் பொறுத்தது. தக்காளி, அவரை போன்றவை பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பவை. ஒரு செடியிலிருந்தே ரகத்தைத் தொடரலாம். முட்டைக்கோசில் பல செடிகள் தம் மகரந்தத்தையே ஏற்காது. வெங்காயமும் மக்காச்சோளமும் ஒற்றைச் செடியின் வழியாகத் தொடர்ந்தால் சில தலைமுறைகளில் வீரியம் இழக்கும். ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகளாக வளரும் இனமானால் ஒற்றைச் செடி போதவே போதாது. மேற்சொன்ன மசாடாப் பேரீச்சையும் ஆண் மரமாகத்தான் வளர்ந்தது; பிற பழைய விதைகளிலிருந்து பெண் மரங்கள் கிடைத்த பிறகே, 2020-ல் பழம் பறிக்க முடிந்தது.

முதல் இலைகளில் வெளிறிய திட்டுகளோ கோணலோ தெரிந்தால் அஞ்ச வேண்டாம். முதிய விதையின் நாற்றில் அது பெரும்பாலும் கடந்துபோகும். பூக்கள் விரியும் முன்பே மெல்லிய துணிப்பையால் மூடி, அயல் மகரந்தம் புகாமல் காத்திடுங்கள். முதல் காய்களைச் சமைத்துச் சுவைக்கும் ஆசையை இந்தப் பருவத்துக்கு மட்டும் ஒத்திவைத்து, அனைத்தையும் விதைக்கு முற்ற விடுங்கள். விதையை நிழலில் உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு பங்கை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். எடுக்கும்போது புட்டி அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இல்லையெனில் குளிர்ந்த விதையின்மேல் காற்றின் ஈரம் படிந்துவிடும்.