சேலம் மாநகராட்சி நினைத்தால் எல்லோருக்குமான வளர்ச்சியைக் கொண்டுவர முடியுமா?

பாதிதான் முடியும். மீதிச் சாவி சென்னையில் இருக்கிறது.

1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கென 18 பணிகளைப் பட்டியலிட்டது. பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுவது அதில் ஒன்று. ஆனால் எதை ஒப்படைப்பது என்பதை மாநில அரசுதான் முடிவு செய்யும். சேலம் 1994-இல் மாநகராட்சியானது. 60 வார்டு, மேயர் எல்லாம் உண்டு. ஆணையரை அனுப்புவது என்னவோ மாநில அரசு.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். திண்ணை அகலத்தில் ஓர் அறை, ஒருவர் பொடி வைத்து ஊதுகிறார் (நிஜமாகவே!), பக்கத்தில் பெண்கள் சலங்கை கோக்கிறார்கள். வெள்ளி விலையை மாநகராட்சி தொட முடியாது. அந்தத் தெருவின் சாக்கடை, விளக்கு, சொத்து வரி அதன் கையில்தான்.

தள்ளுவண்டிக்காரர்கள் விஷயத்தில் பிடி இன்னும் வலுவானது. 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, தெருக்கடை விவகாரங்களைப் பார்க்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெருவோர வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒருவராவது பெண். அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். நானாக இருந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன்.