பூச்சி தின்ற இலைப்பரப்பைக் கணினியில் அளக்க முடியுமா?

செடியில் பூச்சி தின்ற அளவைக் கண்ணால் குத்துமதிப்பாகச் சொல்லாமல் கணினியில் அளக்க முடியுமா, எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். முதுகலை ஆய்வுக்காகச் சில நூறு இலைகளை இப்படி அளந்திருக்கிறேன். இமேஜ்ஜே போதும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட் உருவாக்கி 1997-இல் வெளிவந்த இலவச மென்பொருள் அது. கண் மதிப்பீட்டை நம்பாமல் இருப்பது நல்லதுதான். சின்னச் சின்னத் துளைகள் இலை முழுக்கச் சிதறிக் கிடந்தால் மனசு அதைக் கூட்டியே சொல்லும். 3 சதவீதம் தின்ற இலைக்கு 10 என்று எழுதத் தோன்றும்.

இலையைப் பறித்தவுடன், வாடிச் சுருளும் முன், ஸ்கேனரில் வைத்து 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) படமெடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலும் இருக்கட்டும். இந்த அடர்த்தியில் 1 சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 140 பிக்சல் கிடைக்கும். புழு போட்ட சிறு துளைகூடத் தப்பாது. இமேஜ்ஜேயில் அளவுகோலின் மேல் கோடிழுத்து 'செட் ஸ்கேல்' கொடுங்கள், எத்தனை பிக்சல் ஒரு மில்லிமீட்டர் என்று அதற்குத் தெரியும். படத்தை 8-பிட்டாக்கி (நிறமில்லாத சாம்பல் படமாக்கி), 'த்ரெஷோல்ட்' என்ற வெளிச்ச எல்லையை வைத்து இலையைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுங்கள். பிறகு பரப்பை அளக்கும் 'அனலைஸ் பார்ட்டிக்கிள்ஸ்' கட்டளையை இரண்டு முறை ஓட்டுங்கள்: ஒரு முறை துளைகளையும் சேர்த்து எண்ணும் 'இன்க்ளூட் ஹோல்ஸ்' தேர்வோடு, ஒரு முறை அது இல்லாமல். இரண்டு பரப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் துளைகளின் பரப்பு. தூசியை எண்ணாமலிருக்கக் குறைந்தபட்ச அளவு ஒன்றும் கொடுத்துவிடுங்கள்.

இதுவரை எளிது. உண்மையான சிக்கல் ஓரத்தில் இருக்கிறது. வெட்டுக்கிளியும் பல புழுக்களும் இலையின் விளிம்பிலிருந்துதான் தின்னும். அந்த வெட்டு வாய் திறந்து கிடப்பதால் மென்பொருளுக்கு அது துளையே இல்லை. இலையின் வடிவமே அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளும். இருப்பதை மட்டும்தான் அது எண்ணும், இல்லாமல் போனதை நாம்தான் வரைந்து காட்ட வேண்டும். நான் பென்சில் கருவியால் பழைய விளிம்பை வரைந்து வெட்டை மூடிவிட்டு அளப்பேன். நடு நரம்புக்கு மறுபுறம் சேதமில்லாமல் இருந்தால் அதையே கண்ணாடி பிம்பமாகத் திருப்பி வைத்துப் பார்த்து வரையலாம். ஆனால் இரண்டு பாதியும் சமமாக இல்லாத இலைகளில் இந்த வழி ஏமாற்றும். லீஃப்பைட் என்ற இலவச ஐபோன் செயலியில் விளிம்பை விரலால் வரையலாம். நான்கு புள்ளிகள் குறித்த தாளில் இலையை வைத்தால் படத்தின் சாய்வையும் அது சரிசெய்துகொள்ளும். ஆண்ட்ராய்டுக்கு பயோலீஃப் என்ற செயலி வெளிவந்திருக்கிறது.

சாய்வைச் சொல்லக் காரணம் உண்டு. என் முதல் தொகுதியைக் கைபேசியில், கையில் பிடித்தபடியே எடுத்தேன். கைபேசி சாய்ந்தால் நீளம் தவறும்; நீளத்தில் 5 சதவீதப் பிழை என்றால் பரப்பில் சுமார் 10 சதவீதம் தவறும். அது போதாதென்று, சுருண்ட ஓரத்தின் நிழல் இலையாகவும் பளபளத்த நரம்பு துளையாகவும் கணக்கில் ஏறியிருந்தன. நான் கவனித்தபோது இலைகள் காய்ந்துவிட்டன, திரும்ப எடுக்க வழியில்லை. அத்தனையையும் விட்டுவிட வேண்டியதாயிற்று. இன்றும் அந்த வருத்தம் உண்டு. அதனால் த்ரெஷோல்ட் தானாகப் போடும் எல்லையை அப்படியே ஏற்காதீர்கள், ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

எல்லாப் பூச்சிக்கும் இது பொருந்தாது. அசுவினி போன்ற சாறு உறிஞ்சிகள் பரப்பைக் குறைப்பதில்லை. இலைத்துளைப்பான் உள்ளே குடைந்த வெளிர்ந்த தடத்தை நிறத்தை வைத்துத் தனியாகப் பிரிக்க வேண்டும். பச்சையத்தைச் சுரண்டி நரம்பை மட்டும் விட்டுவைக்கும் புழுவின் சேதத்தை எப்படி எண்ணுவது என்று தொடங்கும் முன்பே ஒரு விதி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

காம்பு மட்டும் மிஞ்சிய இலைகளை மறந்துவிடாதீர்கள். ஸ்கேன் செய்ய ஒன்றுமில்லை என்று விட்டால், அதிகம் தின்னப்பட்டவையே கணக்கிலிருந்து நழுவிவிடும். சதவீதத்தோடு, பூச்சி தின்ற பரப்பும் வேண்டுமென்றால் துளையின் வயதையும் யோசிக்க வேண்டும்: தளிரில் விழுந்த துளை இலையோடு சேர்ந்து விரியும், பூச்சி தின்றது அதைவிடக் குறைவு. சதவீதம் மட்டும் போதுமென்றால் அளவுகோல்கூடத் தேவையில்லை, ஒரே படத்தின் பிக்சல் விகிதமே விடை.

கடைசியாக, விளிம்பு வரைந்த படங்களை மூலப்படத்தோடு தனித்தனியாகச் சேமியுங்கள். ஒரு வாரம் கழித்து அவற்றில் 20 இலைகளை, முந்தைய எண்ணைப் பார்க்காமல், மறுபடி வரைந்து அளங்கள். இரண்டு அளவுக்கும் இடையே வரும் வித்தியாசத்தை உங்கள் முடிவுகளோடு சேர்த்தே எழுதுங்கள்.