எச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும் சேர்ந்திருந்தால் வைரஸ் அதிகம் உருமாறுமா?

எச்ஐவி எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இன்னும் வேகமாக உருமாறும் என்று பலர் நினைக்கிறார்கள். தலைப்பில் உள்ள கேள்வியும் அதுதான். உண்மை கொஞ்சம் வேறு மாதிரி.

ஹெபடைடிஸ் சி வைரஸின் மரபுப்பொருள் ஆர்என்ஏ. சுமார் 9,600 எழுத்து நீளம். அதைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழைதிருத்தும் திறன் கிடையாது. அதனால் ஒரே நோயாளியின் ரத்தத்திலேயே சற்றுச் சற்று வேறுபட்ட வைரஸ்களின் ஒரு கூட்டம் இருக்கும். எச்ஐவி இல்லாதவருக்கும் இப்படித்தான்.

இந்தக் கூட்டத்தில் எது தப்பும் என்பதைப் பெரும்பாலும் நம் எதிர்ப்பாற்றல்தான் முடிவு செய்கிறது. முக்கியமாக, வைரஸின் வெளியுறையில் ஆன்டிபாடிகள் (உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்கள்) குறிவைக்கும் பகுதி மாறிக்கொண்டே இருக்கும். எச்ஐவி தாக்கும் எதிர்ப்பாற்றல் செல்களான சிடி4 செல்கள் மிகவும் குறைந்துவிட்டால், எதிர்ப்பாற்றல் வைரஸுக்குத் தரும் நெருக்கடி தளர்கிறது. வைரஸின் அளவு கூடுகிறது, ஆனால் ஒளிந்து தப்ப வேண்டிய தேவை குறைகிறது. அதனால் சில ஆய்வுகளில், இரண்டு தொற்றும் இருந்து சிடி4 குறைந்தவர்களிடம் அந்தப் பகுதியின் வேறுபாடு குறைவாகவே தெரிந்தது. எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், ஹெபடைடிஸ் சி வைரஸின் மரபணு வகை. இதுவரை 8 வகைகள் அறியப்பட்டுள்ளன. எந்த வகை வரும் என்பதைத் தொற்று வந்த வழியும் ஊரும் தீர்மானிக்கின்றன. ஊசிவழிப் போதைப்பழக்கத்தால் இரண்டு தொற்றுகளும் பரவிய மணிப்பூரில் 3, 6 ஆகிய வகைகள் காணப்படுகின்றன.

சிகிச்சைக்குப் பயப்பட வேண்டாம். சோஃபோஸ்புவிர், வெல்பாடாஸ்விர் கூட்டு மருந்து முக்கிய வகைகள் எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. பொதுவாக 12 வாரம். எச்ஐவி உள்ளவர்களிலும் பெரும்பாலோர் குணமாகிறார்கள். எஃபாவிரென்ஸ் என்ற எச்ஐவி மருந்தை எடுப்பவர் மட்டும் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். அது வெல்பாடாஸ்விரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும்.