தூரிகை கேள்வி - பதில்: பனியும் வெயிலும்

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் கொரோவின் நிலக்காட்சிகளில் விடியற்காலைப் பனி இறங்கினாற்போல் ஓர் அமைதி. தைல வண்ணத்தில் நான் முயன்றால் சேற்றுச் சாம்பல்தான் மிஞ்சுகிறது. எங்கே பிசகு?

பதில்: பெரும்பாலும் கறுப்பில்தான். சாம்பல் என்றதும் கை தானாகக் கறுப்பு டியூபுக்குப் போய்விடும். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் கொரோவின் ‘மோர்த்ஃபோன்தேன் நினைவு’ (1864) ஓவியத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். வானம், குளம், அக்கரை எல்லாம் டோனில் (வெளிச்ச அளவில்) ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும். வலப்பக்கத்துப் பெரிய மரத்தில்தான் அடர்த்தி. அந்த நெருக்கம்தான் நமக்குப் பனியாகவும் அமைதியாகவும் தெரிகிறது.

வான நிறத்தை முதலில் தாராளமாகக் குழைத்து வையுங்கள். தூரத்துப் பச்சையில் அதைப் பாதிக்குப் பாதி, நடுத்தூரத்தில் கால் பங்கு, முன்புறத்தில் ஒரு துளி சேருங்கள். (அளவு எங்கள் கணக்கு; கொரோ சொன்னதல்ல.) ஒரு கலவையில் வெள்ளை நீங்கலாக இரண்டு நிறம் போதும், மூன்றாவது வந்தால் சேறாகும் ஆபத்து அதிகம். கொரோ காலத்தில் புழங்கிய ஈய வெள்ளை நஞ்சு. இன்றைய டைட்டானியம் வெள்ளையோ மற்ற நிறங்களைச் சட்டென்று விழுங்கிவிடும், கொஞ்சமாக எடுங்கள். வானம் ஈரமாக இருக்கும்போதே இலை விளிம்புகளை உலர்ந்த தூரிகையால் இழுத்துவிடுங்கள். காய விட்டால் மரம் கத்தரித்து ஒட்டிய காகிதம்போல நிற்கும்.

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் மோனேயின் ‘இம்ப்ரெஷன், சூரியோதயம்’ படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். சூரியனையே காணோம்!

பதில்: அதுதான் சூட்சுமம். 1872 என்று தேதியிட்ட இந்த லு ஆவ்ர் துறைமுகக் காட்சியில், ஆரஞ்சுச் சூரியனும் சுற்றியுள்ள நீலச்சாம்பலும் ஏறக்குறைய ஒரே வெளிச்ச அளவு. நிறத்தை மட்டும் வைத்துத்தான் கண் அதைப் பிரித்தறிகிறது; வெளிச்ச வித்தியாசத்தைக் கொண்டு இடத்தை உறுதிசெய்யும் பார்வைப் பாதைக்கு அது அகப்படுவதில்லை. அதனால்தான் சூரியன் துடிப்பதுபோல ஒரு மயக்கம்.

செய்து பார்க்கும் பலரும், பளிச்சென்று தெரியட்டும் என்று ஆரஞ்சில் வெள்ளையைக் கலக்கிறார்கள். நிறம் வெளுத்து, துடிப்பு போய்விடும். பின்னணியை முதலில் முடித்துவிட்டு, ஆரஞ்சை அதன்மேல் ஒரு பொட்டு வைத்துப் போனில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுங்கள். பொட்டு மறையும்வரை கலவையைத் திருத்துங்கள்.

கேள்வி: வெளியே உட்கார்ந்து எவ்வளவு நேரம் தீட்டலாம்?

பதில்: பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியர் வாலன்சியென் 1800-லேயே சொல்லிவிட்டார்: அதிகபட்சம் இரண்டு மணி நேரம், சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் அரை மணி. அதற்குமேல் போனால் நிழல் இடம் மாறி, ஒரே படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும். மோனே வைக்கோற்போர் வரிசையில் (1890-91) ஒளி மாற மாற வேறு கேன்வாஸுக்குத் தாவினார். ருவான் நகரத் தேவாலய வரிசையை 1892, 93-ல் அங்கே தீட்டிவிட்டு, தான் வசித்த ஜிவெர்னியின் ஸ்டூடியோவில்தான் முடித்தார். ஆகவே வீட்டில் வந்து திருத்துவதைக் குற்றமாக நினைக்காதீர்கள்.