உயிர்த்தெழுந்த பின் கதை ஏன் தொய்கிறது?

கேள்வி: இளையோருக்கான அமானுஷ்ய நாவல் எழுதுகிறேன். 16 வயது நாயகி, இறந்த தம்பியைத் தெய்வத்திடம் மன்றாடி உயிர்ப்பிக்கிறாள். அதன்பின் கதையில் பதற்றமே இல்லை. ஏன்?

பதில்: அவள் எதையும் இழக்கவில்லையே! சுமேரியப் புராணத்தைப் பாருங்கள். பாதாளத்தில் பிணமாகத் தொங்கும் இனன்னா என்ற பெண் தெய்வத்தின் மீது உயிர் உணவையும் உயிர் நீரையும் தெளித்து எழுப்புகிறார்கள். ஆனாலும் சும்மா விடுவதில்லை. ஈடாக இன்னோர் உயிர் வேண்டும். அதைப் பிடித்துப்போகப் பூதங்கள் கூடவே வருகின்றன. சிக்குவது கணவன் துமுசி. எவ்வளவு வலுவான முடிச்சு!

உங்கள் கதையிலும் விலையை முதல் மூன்று அத்தியாயங்களுக்குள் சொல்லிவிடுங்கள். உயிர்ப்பித்த பிறகு சொன்னால் வாசகருக்கு ஏமாற்றுவேலையாகத் தோன்றும். தெய்வம் மனமிரங்கித் தள்ளுபடி செய்யவும் கூடாது. யாரைக் கொடுப்பது என்பதை நாயகியே முடிவெடுக்கட்டும்.