முன்பணம் குறைவு: எந்த அரசு உத்தரவாத வீட்டுக் கடன்?

அமெரிக்காவில் முதல் வீடு வாங்கக் கிளம்பியிருக்கும் வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும்.

எச்1பி விசாவில் டாலஸில் இருக்கிறேன். எஃப்.எச்.ஏ. (கூட்டாட்சி அரசின் வீட்டுவசதி நிர்வாகம்) கடனுக்கு 3.5 சதவீத முன்பணம் போதும் என்கிறார் நண்பர். எனக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. நண்பர் வாங்கிய காலத்தில் கிடைத்திருக்கும். 2025 மே 25 முதல் நிரந்தரக் குடியிருப்பு உரிமை இல்லாதவர்களுக்கு எஃப்.எச்.ஏ. கடன் இல்லை. கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து, ஒழுங்காக வரி கட்டும் குடும்பங்களை இப்படித் தள்ளிவைத்தது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் வீட்டுக் கனவைக் கைவிட வேண்டாம். வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்களின் விதிகளின்படி வங்கிகள் தரும் வழக்கமான கடன், சட்டப்படி தங்கியிருக்கும் விசாக்காரர்களுக்கும் உண்டு. 20 சதவீதத்துக்குக் குறைவாக முன்பணம் கட்டினால் தனியார் அடமானக் காப்பீட்டுக் கட்டணம் (நீங்கள் கட்டாமல் போனால் கடன் தந்தவருக்கு ஈடு தரும் காப்பீடு) சேரும். கடன் பாக்கி வீட்டின் தொடக்க மதிப்பில் 80 சதவீதத்துக்கு இறங்கியதும், தவணை தவறாதவர்கள் அதை நிறுத்தும்படி எழுதிக் கேட்கலாம்.

கிரீன் கார்டு இருக்கிறது. 3,00,000 டாலர் வீட்டுக்கு எஃப்.எச்.ஏ. நல்லதா, யு.எஸ்.டி.ஏ. (அமெரிக்க வேளாண் துறை) கடன் நல்லதா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எஃப்.எச்.ஏ.வில் முன்பணம் 10,500 டாலர். கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுவதைக் காட்டும் மதிப்பெண்) 580 இருந்தால் இந்தச் சலுகை. மீதிக் கடனுக்கு 1.75 சதவீதம், அதாவது சுமார் 5,066 டாலர், தொடக்கக் காப்பீட்டுக் கட்டணம். அதன்பின் ஆண்டுக்கு 0.55 சதவீதம், முதலாண்டில் மாதம் 133 டாலர் அளவுக்கு வரும். 10 சதவீதத்துக்குக் குறைவாக முன்பணம் கட்டியவர்களுக்கு இந்த ஆண்டுக் கட்டணம் கடன் தீரும்வரை போகாது. பலர் கையெழுத்திட்ட பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள். 10 சதவீதமோ அதற்கு மேலோ கட்டினால் 11 ஆண்டுகளில் நின்றுவிடும்.

யு.எஸ்.டி.ஏ.வில் முன்பணமே இல்லை. தொடக்கக் கட்டணம் 1 சதவீதம், 3,000 டாலர்; ஆண்டுக்கு 0.35 சதவீதம், மாதம் சுமார் 88 டாலர். எண்களை மட்டும் பார்த்தால் யு.எஸ்.டி.ஏ.தான். விவசாயம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் வீடு அந்தத் துறை கிராமப்புறமாக வகைப்படுத்திய இடத்தில் இருக்க வேண்டும். துறையின் இணைய வரைபடத்தில் முகவரியைப் போட்டாலே தெரிந்துவிடும்.

நம் குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் வருமான வரம்பு. அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தில் 115 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடனில் பெயர் இல்லாவிட்டாலும், கூடவே வசிக்கும் தம்பியின் சம்பளமும் அந்தக் கணக்கில் சேரும்.

மகன் ராணுவத்தில் சேர்ந்திருக்கிறான். அவனுடைய வி.ஏ. (முன்னாள் படைவீரர் நலத் துறை) கடனில் நாங்கள் வீடு வாங்கலாமா?

அந்த உரிமை பெற்றோருக்கு வராது. வாங்கும் வீட்டில் அவனோ அவன் மனைவியோ குடியிருக்க வேண்டும். அவனுக்கென்றால் தயங்காமல் வி.ஏ.வையே முதலில் பார்க்கச் சொல்லுங்கள். முன்பணம் இல்லை, மாதக் காப்பீடும் இல்லை. முதல்முறை முன்பணமின்றி வாங்கினால் 2.15 சதவீதக் கட்டணம் ஒருமுறை மட்டும். பணியால் ஏற்பட்ட உடல் பாதிப்புக்கு இழப்பீடு பெறுபவருக்கு அதுவும் கிடையாது.

ஊரிலிருந்து அப்பா பணம் அனுப்பினால் முன்பணமாகக் காட்டலாமா?

எஃப்.எச்.ஏ.வில் முழு முன்பணமும் அன்பளிப்பாக வரலாம். திருப்பித் தர வேண்டியதில்லை என்ற அவருடைய கடிதமும், பணம் வந்த வழிக்கான வங்கி ஆவணங்களும் வேண்டும்.

அரசுக் கடன் என்றால் எங்கே வாங்கினாலும் ஒரே வட்டிதானே?

இல்லை. இவற்றில் பணம் தருவது வங்கியோ தனியார் நிறுவனமோதான். கடன் மூழ்கினால் அவர்களுடைய நட்டத்துக்குத்தான் அரசு நிற்கிறது. ஆகவே வட்டியும் கட்டணமும் இடத்துக்கு இடம் மாறும். மூன்று இடங்களிலாவது, முடிந்தால் ஒரே நாளில், விண்ணப்பியுங்கள். ஒவ்வொருவரும் மூன்று வேலை நாட்களுக்குள் வட்டியையும் கட்டணங்களையும் காட்டும் 'லோன் எஸ்டிமேட்' படிவம் தர வேண்டும் என்பது சட்டம். அதன் இரண்டாம் பக்கத்தில் 'ஏ' பிரிவில் இருக்கும் கட்டணங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். பேரம் பேச வேண்டியது அங்கேதான்.