17 பேர், மாமல்லபுரம், இரண்டு ராத்திரி: முதலில் பாத்ரூமை எண்ணுங்கள்

கேள்வி: வேளச்சேரியில் ஒரே குடியிருப்பில் இருக்கும் ஐந்து குடும்பங்கள் நாங்கள். பெண்கள் 8, ஆண்கள் 5, பிள்ளைகள் 4. மொத்தம் 17 பேர். பெண்களில் இருவர் அறுபதைத் தாண்டிய பாட்டிகள். மூத்த பையனுக்கு 13 வயது, கடைக்குட்டிக்கு 5. டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி மாமல்லபுரத்தில் இரண்டு ராத்திரி தங்க ஆசை. குடும்பத்துக்கு ஒரு ரூம் போட்டால் கட்டுப்படியாகாது. ‘குரூப்பாக வரலாம்’ என்று சொல்லும் ஹாஸ்டல்களில் டார்மிட்டரி (பல படுக்கை போட்ட பொது அறை) எடுத்தால் சரிப்படுமா? என்னவெல்லாம் கேட்டுக்கொண்டு பணம் கட்ட வேண்டும்?

பதில்: சரிப்படும். ஆனால் போனை எடுத்ததும் வாடகையைக் கேட்காதீர்கள். பிள்ளைகளை டார்மிட்டரியில் விடுவீர்களா என்று கேளுங்கள். பயணிகள் ஹாஸ்டல்களில் பல, 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பொது டார்மிட்டரியில் சேர்ப்பதில்லை. முழு அறையையும் நீங்களே எடுத்துக்கொண்டால் ஒத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஆப்பில் படுக்கை படுக்கையாக புக் செய்தால் இதெல்லாம் கண்ணில் படாது. வாசலில் போய் நிற்கும்போதுதான் தெரியும். அதனால் நேரடியாகப் பேசுங்கள்.

அடுத்தது பாத்ரூம். குரூப்பாகப் போகிறவர்கள் படுக்கையை எண்ணிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள், காலையில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆளுக்கு 12 நிமிடம் என்று வையுங்கள். 17 பேருக்கு 204 நிமிடம். இரண்டே பாத்ரூம் என்றால் ஒன்றில் 9 பேர் குளிக்க வேண்டும், எல்லோரும் முடிக்க 1 மணி 48 நிமிடம் ஆகும்; நான்கு இருந்தால் ஒன்றில் அதிகபட்சம் 5 பேர், 1 மணி நேரம். கடற்கரைக் கோயில் காலை 6 மணிக்குத் திறக்கிறது. டிசம்பரில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6.20க்கு. அந்த நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டுமானால் இரண்டு பாத்ரூம் உள்ள இடத்தில் நாலேகாலுக்கெல்லாம் முதல் ஆள் உள்ளே போயாக வேண்டும். ஐந்து பேருக்கு ஒரு பாத்ரூமுக்குக் குறைந்தால் வேறு இடம் பாருங்கள். ‘எத்தனை இருக்கிறது’ என்று மட்டும் கேட்டால் மாடி முழுவதற்கும் பொதுவான கணக்கைச் சொல்வார்கள். எங்கள் அறைகளுக்கு மட்டும் எத்தனை, மற்ற விருந்தினரும் வருவார்களா என்று பிரித்துக் கேளுங்கள். கழிப்பறை தனியாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் ஒன்றாக இருக்கும் இடத்தில் ஒருவர் தலைக்குக் குளித்தால் வெளியே மூன்று பேர் தவிப்பார்கள்.

வெந்நீரும் அப்படித்தான். 15 லிட்டர் ஹீட்டரில் 2 கிலோவாட் காயில் இருந்தால் ஒரு முறை சூடாகக் கால் மணி நேரம் பிடிக்கும். பச்சைத் தண்ணீர் கலந்தால் இரண்டு பக்கெட் தேறும். பாட்டிகளுக்கும் கடைக்குட்டிக்கும் முதல் முறை. மற்றவர்கள் பச்சைத் தண்ணீரில் குளிக்கலாம், மார்கழிக் குளிர் அந்தக் கடற்கரையில் அத்தனை கடுமையில்லை. கடலோர நிலத்தடி நீரில் பல இடங்களில் உப்பு கலந்திருக்கும், சோப்பு சரியாக நுரைக்காது. குடிப்பதற்கு ஆளுக்கு 3 லிட்டர் வீதம் நாளைக்கு 51 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. கேன் ஹாஸ்டல் தருமா, நீங்கள் வாங்க வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன விஷயம், பெரிய தொல்லை: மணல். கடலில் கால் நனைத்துவிட்டு 17 பேரும் நேராக பாத்ரூமுக்குப் போனால் மறுநாள் தண்ணீர் வடியாமல் கணுக்கால் வரை தேங்கும். வாசலில் கால் கழுவக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். துணி காயப்போடக் கொடி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

படுக்கைக் கணக்கு உங்களுக்கு அழகாகவே அமைகிறது. ஆறு படுக்கை அறை மூன்று எடுங்கள். பெண்களும் பிள்ளைகளும் 12 பேர், இரண்டு அறை நிறைந்துவிடும். மூன்றாவதில் ஆண்கள் 5 பேர். மீதமுள்ள அந்த ஒரு படுக்கைக்கும் பணம் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் முன்பின் தெரியாத ஒருவர் நடுராத்திரியில் அங்கே வந்து படுப்பார்; அது அவருடைய உரிமை, குறை சொல்ல முடியாது. காலிப் படுக்கை பைகள் வைக்க உதவும்.

கீழ்ப் படுக்கை பாட்டிகளுக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும். ஆறு வயதுக்குக் கீழே யாரையும் மேலே ஏற்ற வேண்டாம். மேல் படுக்கைக்கு நேராக சீலிங் ஃபேன் சுற்றும் அறையை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். எழுந்து உட்கார்ந்து கையைத் தூக்கினால் போதும், விபரீதம். சுவர் ஃபேன்தான் அங்கே பொருத்தம். மேல் படுக்கைக்குத் தடுப்புக் கம்பி மெத்தைக்கு மேலே நன்றாக உயர்ந்து நிற்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். டார்மிட்டரியைப் பல இடங்களில் மேல் மாடியிலோ மொட்டைமாடித் தகரக் கூரைக்குக் கீழோ வைத்திருப்பார்கள். மழை பெய்தால் அந்தக் கூரைச் சத்தத்தில் தூங்க முடியாது. பாட்டிகள் அறையையாவது தரைத்தளத்தில், வெஸ்டர்ன் டாய்லெட்டோடு கேட்டு வாங்குங்கள். கரன்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, ஃபேன் மட்டுமா என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒத்தவாடைத் தெருப் பக்கம் இடம் கிடைத்தால் கடலுக்கு நடந்தே போகலாம். தெரு குறுகல். வேன் வாசல் வரை வருமா, இல்லாவிட்டால் எங்கே நிறுத்துவது என்று கேளுங்கள். பெரியவர்கள் எல்லோருக்கும் ஆதார் போல முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். பான் கார்டில் முகவரி இல்லாததால் பல இடங்களில் அதை ஏற்க மாட்டார்கள். யாராவது வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு வந்தால் பாஸ்போர்ட், விசா இரண்டும் காட்ட வேண்டும், ஹாஸ்டல் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குப் படிவம் அனுப்பியாக வேண்டும். ராத்திரி 10க்கு மேல் ஸ்பீக்கர் வைக்க சட்டத்தில் இடமில்லை. அந்தாக்ஷரியை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 40 ரூபாய், 15 வயதுக்குக் கீழே இலவசம். உங்கள் 13 பேருக்கு 520 ரூபாய். அதே நாளில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட், வாங்கியதைத் தொலைக்காதீர்கள். அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறைச் சிற்பம். காலை வெயில் நேராக விழும்போது யானைகளின் மடிப்புகள்கூடத் தெளிவாகத் தெரியும். மதியத்துக்கு மேல் போனால் அது நிழலில் கிடக்கும்.

கடலில் கணுக்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கரை சட்டென்று ஆழமாகிறது, பாறைகள் உண்டு, கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டமும் உண்டு. மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் பெரும்பாலும் அந்த இழுவை இருக்கும். நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பெரியவரை முன்பே பேர் சொல்லி நியமித்துவிடுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கடைசியாகப் பணம். டிசம்பர் என்பதால் இதைச் சொல்கிறோம்: 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரத்தை ஒட்டித்தான். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பிடித்தம் இல்லாமல் தேதி மாற்றித் தர வேண்டும் என்று அட்வான்ஸ் அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். அதே செய்தியில் 18 படுக்கை, மூன்று அறை, எத்தனை பாத்ரூம், ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, ஞாயிறு எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், அதன் பிறகு பைகளை எங்கே வைப்பது, எல்லாம் வரட்டும். ஞாயிறு சாயங்காலம் ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) சென்னைப் பக்கம் வண்டி நகராது. மதியச் சாப்பாட்டை முடித்து மூன்று மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.